‘ஃபோக்கல் மெக்கானிசம்’: ‘நழுவுமுறை’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

தில்லித் தமிழ் மாணவர்களுக்கான நிலநடுக்கக் கையேட்டின் வரைவில் ‘ஃபோக்கல் மெக்கானிசம்’ (பிளவின் கிடப்பையும் அதில் பாறை நகர்ந்த விதத்தையும் காட்டுவது) என்பதற்குக் ‘குவிய இயங்குமுறை’ என்று போட்டிருக்கிறோம். இதை மாற்றியாக வேண்டும். குவியம் வில்லைக்கும் ஆடிக்கும் உரிய சொல். நடுக்கம் தொடங்கும் இடத்தைப் பிள்ளைகள் கீழ்மையம் என்றுதான் படித்துவிட்டு வருகிறார்கள். அடுத்து வந்த ‘பிளவுத்தளத் தீர்வு’ காதுக்கு இனிது, பொருளில் இடறுகிறது.

கார்வால் மலையில் 3 அளவுள்ள ஒரு சிறு நடுக்கம் என்று வையுங்கள். ஒவ்வொரு நிலையத்தின் செங்குத்துப் பதிவிலும், முதலில் வந்து சேரும் பி அலையின் முதல் அசைவு மேலா, கீழா என்று குறிக்கிறோம். மேல் என்றால் நிலம் வெளியே தள்ளப்பட்டது. கீழ் என்றால் கீழ்மையத்தை நோக்கி இழுபட்டது. நிலையம் இருக்கும் திசை, கதிர் புறப்பட்ட கோணம் இரண்டையும் கொண்டு கீழ் அரைக்கோளப் படத்தில் (கீழ்மையத்தைச் சுற்றிய கற்பனைக் கோளத்தின் கீழ்ப்பாதியைத் தட்டையாக வரைந்தது) புள்ளி இடுகிறோம். கதிர் மேல்நோக்கிப் புறப்பட்டிருந்தால் திசையோடு 180 பாகை கூட்டி எதிர்ப்பக்கம் இட வேண்டும். பிறகு மேல்களையும் கீழ்களையும் பிரிக்கிற மாதிரி, ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு கணுத்தளங்கள் வரைகிறோம்.

இந்த இரண்டில் எது நழுவிய பிளவு, எது அதற்குச் செங்குத்தாக வரும் துணைத்தளம் என்று முதல் அசைவு சொல்லவே சொல்லாது. 1999 மார்ச் 29 சமோலி நடுக்கத்தில் ஒரு தளம் வடக்கே மெல்லச் சாய்ந்தது, மற்றது தெற்கே ஏறக்குறையச் செங்குத்தாக இறங்கியது. இமயத்தின் அடியில் இந்தியத் தட்டு வடக்கே சரிந்து நுழைகிறது என்று தெரிந்ததால்தான் முதலாவதை எடுத்துக்கொள்கிறோம். ‘பிளவுத்தளத் தீர்வு’ என்றாலோ, தளம் எது என்று முடிவாகிவிட்டதாகப் படிப்பவர் நினைப்பார்.

என் முன்மொழிவு ‘நழுவுமுறை’. கூடவே ‘நழுவுகோணம்’ (பிளவுத்தளத்தில் நழுவிய திசையைக் காட்டும் கோணம்), ‘நழுவுமுறைப் படம்’ என்று கிளைகளும் தடையில்லாமல் வருகின்றன.

தில்லி, ராமகிருஷ்ணபுரத்திலிருந்து

—

> என் முன்மொழிவு ‘நழுவுமுறை’

ஐயா, கணுத்தளம் அருமை. நிலையலைப் பாடத்தில் கணு என்று படித்தவர்களுக்கு உடனே பிடிபடும், அந்தத் தளத்தை ஒட்டி பி அலை ஏன் மெலிகிறது என்பதும் சேர்த்தே விளங்கும். ஆனால் ‘சறுக்குமுறை’ இன்னும் பழகிய சொல் இல்லையா? இன்னொன்று: சிறு நடுக்கங்களுக்கு எத்தனை பதிவு இருந்தால் நம்பலாம் என்று கையேட்டில் இல்லையே.

பெங்களூரிலிருந்து

—

> ‘சறுக்குமுறை’ இன்னும் பழகிய சொல் இல்லையா?

பழகியதுதான். ஆனால் சறுக்கல் கீழே போவது. இமயத்தில் பெரும்பாலும் மேல்கட்டை (சாய்ந்த பிளவுக்கு மேலே கிடக்கும் பாறை) ஏறுகிறது. நழுவுகோணம் 90 பாகையை ஒட்டி வருகிறது. −90 வந்தால்தான் இறக்கம். 0, 180 என்றால் பக்கவாட்டு நகர்வு. நழுவுதலில் மேல் கீழ் என்ற சாய்மானம் இல்லை. உராய்வின் பிடி விட்டு நகர்வது என்பதும் அதற்குள் இருக்கிறது.

பதிவு எண்ணிக்கை பற்றி நீங்கள் கேட்டது சரி. குறைந்தது 8 தெளிவான முதல் அசைவுகள், நிலையங்களுக்கிடையே 90 பாகைக்கு மேல் திசை இடைவெளி இல்லாமை என்று எழுதலாம். மலையில் நிலையங்கள் பள்ளத்தாக்குச் சாலையை ஒட்டியே அமைவதால் இரண்டாவதுதான் அடிக்கடி தவறும். அப்போது எஸ் (பி அலைக்குப் பின் வருவது), பி அலைகளின் வீச்சு விகிதத்தையும் சேர்த்தால் கணுத்தளம் ஓரளவு கட்டுப்படும்.

எண்ணிக்கை போதாது, எச்சரிக்கையும் வேண்டும். கருவியின் இணைப்பு தலைகீழாக இருந்தால் அந்த நிலையத்தின் மேலெல்லாம் கீழாகிவிடும். தொலைதூரப் பெருநடுக்கம் ஒன்றின் பதிவை எடுத்துப் பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். முன்னும் பின்னுமாக ஓட்டும் வடிகட்டி பி அலைக்கு முன்பே பொய் அலை ஒன்றைக் கிளப்பும். முதல் அசைவை வடிகட்டாத பதிவில்தான் பார்க்க வேண்டும். ஆழம் தவறினால் புறப்பாட்டுக் கோணமும் மாறி, ஏறுபிளவுகூடப் பக்கநழுவல் போலத் தோன்றும்.

‘டிப்’ என்பதற்குச் ‘சாய்வு’ ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் தொட வேண்டாம். ‘ஸ்ட்ரைக்’ (பிளவுத்தளம் கிடைமட்டத்தை வெட்டும் கோட்டின் திசை) என்பதற்கு ‘நீள்திசை’ போடலாமா? சாய்வு வலப்பக்கம் விழும்படி நின்று வடக்கிலிருந்து அளப்பது என்ற குறிப்போடு. மறுப்பிருந்தால் எழுதுங்கள்.