அப்பாவுக்கு ஒரு ஸ்டேடியம்

குழு: நம்ம வீடு
சனிக்கிழமை

[மாலை 4:40] அக்கா: இங்கே காலை ஏழு மணி. ஹார்வர்டு பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் படி ஏறிவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். மொத்தம் 37 பகுதிகள், இன்று 20 முடித்தேன். உட்காரும் வரிசைகளையே படியாக வைத்து ஏற வேண்டும். தொடை இரண்டும் கெஞ்சுகிறது.

[4:41] அம்மா: முதலில் தண்ணீர் குடி. குளிரில் வியர்வையோடு உட்காராதே.

[4:42] அக்கா: 📷 புகைப்படம்

[4:45] அப்பா: படத்தில் இருப்பது கான்கிரீட்தானே? எந்த வருடம் கட்டியது?

[4:46] அக்கா: 1903 அப்பா.

[4:46] அப்பா: 1903ஆ! அப்போது நம் பக்கம் சுண்ணாம்புக் காரைதான். கம்பி கட்டி இவ்வளவு பெரிதாக எழுப்ப அன்றைக்கு யாருக்குத் துணிச்சல் வந்தது?

[4:50] அக்கா: அங்கேயே பாடம் நடத்திய பொறியியல் பேராசிரியர்கள்தான். ஐரா ஹோலிஸ், லூயிஸ் ஜான்சன். அதற்கு முன் இருந்தது மர கேலரி, தீப்பிடித்தால் அவ்வளவுதான். 1879இல் படிப்பை முடித்த பழைய மாணவர்கள் ஒரு லட்சம் டாலர் கொடுத்தார்கள். மொத்தச் செலவு மூன்று லட்சத்துக்கு மேல். ஐந்து மாதத்துக்குள் ஆட்டம் நடத்தும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நவம்பர் 14, டார்ட்மத் கல்லூரியோடு முதல் ஃபுட்பால் ஆட்டம். ஹார்வர்டு 11-0 என்று தோற்றது.

[4:52] அப்பா: ஐந்து மாதம்! சென்ட்ரிங் அடித்துப் பிரிக்கவே எனக்கு அவ்வளவு நாள் ஆகும். உட்காரும் பலகைகளைத் தனியாக வார்த்துத் தூக்கி வைத்திருப்பார்கள்.

[4:53] அக்கா: அதேதான் அப்பா. இந்தக் குளிருக்கு கான்கிரீட் தாங்காது, வெடித்துவிடும் என்று நிறைய பேர் சொன்னார்களாம்.

[4:55] அப்பா: பயம் நியாயமானது. விரிசலில் தண்ணீர் இறங்கி உறைந்தால் விரியும். அப்புறம் பொரிப் பொரியாகப் பெயர்ந்து கம்பி துருப்பிடிக்கும்.

[4:57] அக்கா: 1980களின் தொடக்கத்தில் பலகைகளை மாற்ற வேண்டி வந்தது. ஆனால் அமைப்பு அதே குதிரை லாட வடிவம்தான். தூணில் கை வைத்துப் பார்த்தேன், சில இடத்தில் ஜல்லி விரலில் நெருடுகிறது.

[5:02] சித்தப்பா: ஃபுட்பால் என்றால் நம் ஃபுட்பாலா, அந்த ஹெல்மெட் ஆட்டமா?

[5:03] அக்கா: ஹெல்மெட் ஆட்டம் சித்தப்பா. ஆனால் அன்றைக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை. கும்பலாக முட்டி மோதுவதுதான் ஆட்டமே. 1905 சீசனில் மட்டும் 18 பேர் வரை இறந்ததாக அன்றைய பத்திரிகைக் கணக்கு.

[5:04] அம்மா: ஐயோ, படிக்கப் போன பிள்ளைகளா?

[5:05] அக்கா: ஆமாம் அம்மா. பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்டில் படித்தவர். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு ஆட்டத்தைச் சரிசெய்யச் சொன்னார்.

[5:09] அக்கா: இதற்கு மேல்தான் அப்பாவுக்கான விஷயம். ஆட்ட விதிகளை வகுத்தவர்களில் ஒருவரான யேலின் வால்டர் கேம்ப், மைதானத்தை இன்னும் 40 அடி அகலப்படுத்தலாம் என்றார். ஆட்கள் பரவி ஓடினால் மோதல் குறையும் என்பது கணக்கு. ஆனால் ஹார்வர்டில் இரண்டு பக்கமும் கான்கிரீட், கட்டி மூன்று வருடம்கூட ஆகவில்லை.

[5:10] அப்பா: மர கேலரி என்றால் கழற்றித் தள்ளிப் போட்டிருப்பார்கள்!

[5:12] அக்கா: அதேதான்! அகலப்படுத்தும் யோசனை போயிற்று. அதற்குப் பதிலாக 1906இல் பந்தை முன்பக்கம் எறியலாம் என்று விதி வந்தது. இன்று டிவியில் பார்க்கிறோமே, அந்த நீளமான எறிதல் எல்லாம் அதிலிருந்து தொடங்கியது. அதை முன்பே கேட்டவர்களும் உண்டு, ஸ்டேடியம் மட்டும் காரணமில்லை. ஆனால் சுவர் நகராததும் ஒரு காரணம். மைதானம் இன்றும் 160 அடி அகலம்தான், அமெரிக்கா முழுக்க.

[5:15] தம்பி: அக்கா, கூட்டம் எவ்வளவு பிடிக்கும்?

[5:16] அக்கா: சில வருடங்களுக்கு முன்வரை 30,000 சொச்சம் என்று கணக்கு. நடுவில் திறந்த முனையில் இரும்பு கேலரி போட்டு 57,000 வரை போனது. 1951இல் அதை எடுத்துவிட்டார்கள், நல்லதுதான். அந்தத் திறப்பு வழியாகத்தான் இப்போது எனக்கு ஆற்றுக் காற்று வருகிறது.

[5:18] அம்மா: ஆட்டம் தவிர வேறு எதுவும் நடக்காதா?

[5:19] அக்கா: 1906இல் கிரேக்க நாடகம் போட்டார்கள் அம்மா, கிரேக்க மொழியிலேயே. சித்தப்பா, உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. 1984 ஒலிம்பிக்ஸ் லாஸ் ஏஞ்சலீஸ் என்றாலும் நம் ஃபுட்பால் ஆட்டங்கள் சில இங்கேதான் நடந்தன.

[5:20] சித்தப்பா: அப்படிச் சொல்லு! அந்தப் புல்லையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

[5:21] அக்கா: 2006இல் செயற்கைப் புல் போட்டுவிட்டார்கள் சித்தப்பா. இருந்தாலும் அனுப்புகிறேன்.

[5:24] அப்பா: அடுத்த முறை உள்ளே விட்டால், பக்கவாட்டுக் கோட்டிலிருந்து கான்கிரீட் வரை காலடி வைத்து அளந்து சொல் அம்மா. இரண்டு பக்கமும். 40 அடி எங்கே போய் முட்டியிருக்கும் என்று வரைந்து பார்க்க வேண்டும்.

[5:25] அக்கா: டேப்பே எடுத்துப் போகிறேன் அப்பா.