புதுப்பிப்பு: தெருவில் நிற்கும் காரின் சக்கரங்களுக்குப் பூட்டு

இரவில் காரைத் தெருவில்தான் நிறுத்துகிறேன், அலாய் சக்கரங்களைத் திருடர்களிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவது என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் சொன்னபடி பூட்டு நட் (அதற்கான தனிச் சாவியைப் பொருத்தினால்தான் கழலும் சக்கர நட்) வாங்கி, சக்கரத்துக்கு ஒன்றாக மாட்டியாயிற்று.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாதாரணப் பூட்டு நட்டின் தலையில் சற்றுச் சிறிய சாக்கெட்டை (நட்டின் மேல் பொருத்தித் திருகும் குழல்) சுத்தியலால் அடித்து இறக்கித் திருடர்கள் கழற்றிவிடுகிறார்கள். வெளிவளையம் தனியாகச் சுழலும் வகைப் பூட்டு நட்டில் அது அத்தனை எளிதல்ல; சாக்கெட்டும் வளையமும் சேர்ந்து சும்மா சுற்றும். நான் அதைத்தான் எடுத்தேன். டயர் கடையில் ஏர் கன்னோடு (காற்றழுத்தத்தால் நட்டை முடுக்கும் கருவி) வந்தார்கள். தடுத்து, கையால் முடுக்கச் சொன்னேன். கன் வைத்தால் சாவி உடையலாம், அப்புறம் பஞ்சரானால் நமக்கே கழற்ற வழியிருக்காது. சாவியின் குறியீட்டு எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அலாரம் பற்றிச் சொன்னவருக்கு நன்றி. கதவைத் திறந்தால் மட்டும் கத்துகிற அலாரம், ஜாக்கி போட்டுத் தூக்கும்போது வாயே திறக்காது. சாய்வை உணரும் சென்சார் உள்ளதாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை முன்சக்கரங்களை நடைபாதை ஓரம் பார்த்து ஒடித்து நிறுத்துகிறேன். ஸ்டீயரிங் பூட்டு? காரைக் காக்கும், சரி, சக்கரத்துக்கு உதவாது.

வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னிக்கு யாராவது பூட்டு போட்டிருந்தால் சொல்லுங்கள்.