அவசரப் பிரிவு வாசலில நிக்கிற மிஸ் ஆர் முந்தி, ஆர் பிந்தி எண்டு முடிவெடுக்கலாமோ?

கொட்டாஞ்சேனைக்காரன்:
சுத்தி வளைக்காமல் கேக்கிறன். ஒரு நேர்ஸ் ரெண்டு நிமிசம் பார்த்திட்டு "நீங்க உள்ளுக்கு, நீங்க வாங்கில இருங்க" எண்டு ஆக்களைப் பிரிக்கிறது சரியோ? அதுக்கெண்டு படிச்ச டொக்டர் உள்ளுக்கு இருக்கேக்க, உயிர் போற முடிவை ஏன் வாசலில எடுக்கினம்?

என்ர மாமாவுக்கு நடந்தது இது. கொழும்பில ஒரு அரச ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். ஆள் சுகர் வருத்தக்காரர். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல் வயித்தில நோ, சேர்ட் முழுக்க வேர்வை. மிஸ் பிரஷர் பார்த்தா, "காஸ்ட்ரைட்டிஸ் போல" எண்டா, துண்டில மஞ்சள் கோடு கீறி இருத்தி விட்டா. எங்களுக்குப் பிறகு கை முறிஞ்சு வந்த சின்னப் பெடியன் நேரா உள்ளுக்கு. மாமாவுக்கு ஈசிஜி எடுக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல. எடுத்தாப் பிறகுதான் எல்லாரும் ஓடினாங்கள். ஹார்ட் அட்டாக். ஆள் தப்பினது கடவுள் புண்ணியம். வந்த வரிசைப்படி விட்டிருந்தாலே அவரை முந்திப் பார்த்திருப்பினம்.

இரவுப்பணி:
தம்பி, நானும் ஒரு ஈடியூவில, அதுதான் அவசர சிகிச்சைப் பிரிவில, வேலை செய்யிற நேர்ஸ்தான். மாமாவின்ர விசயத்தை மூடி மறைக்க வரேல்ல. சுகர்காரருக்கு மேல் வயித்து நோவும் வேர்வையும் சேர்ந்து வந்தால் முதல்ல இதயத்தைத்தான் நினைக்கோணும். நெஞ்சு நோகோணும் எண்டு கட்டாயமில்லை. ஈசிஜி 10 நிமிசத்துக்குள்ள எடுக்கோணும் எண்டுதான் வழிகாட்டல் எல்லாம் சொல்லுது.

ஆனா டொக்டரை வாசலில நிப்பாட்டினால் சரிவரும் எண்டதை ஒத்துக்கொள்ள மாட்டன். ஒராளை ஒழுங்காப் பார்க்க அவருக்குக் கால் மணித்தியாலம் வேணும். ட்ரியாஜ் நோயைக் கண்டுபிடிக்கிற வேலை இல்லை, ஆர் காத்திருக்கலாம் ஆருக்கு ஏலாது எண்டு பிரிக்கிறது மட்டும்தான். நான் பேர் கேக்கேக்கயே கையைப் பிடிச்சிடுவன். பேரைத் தெளிவாச் சொன்னால் மூச்சுப் பாதை சரி, ஆள் நிதானத்தில இருக்கு. ஒரு முழு வசனம் கதைக்க மூச்சுக் காணாட்டி அதிலயே சிவப்பு, உடனே உள்ளுக்கு. கை குளிர்ந்து பிசுபிசுத்தால் மெஷின் 120/80 காட்டினாலும் நம்ப மாட்டன். நகத்தை அமத்தி விட்டால் 2 செக்கனுக்குள்ள ரத்தம் திரும்போணும். மூச்சை எண்ணுறது ஆளுக்குத் தெரியக்கூடாது, தெரிஞ்சால் மாத்தி மூச்சு விடுவார். அதால நாடி பிடிக்கிற மாதிரியே கையை வச்சுக்கொண்டு நெஞ்சைப் பார்த்து எண்ணுவன்.

அந்தப் பெடியனை நான் பார்க்கேல்ல. ஆனா முழங்கைக்கு மேல முறிஞ்சு, மணிக்கட்டில நாடி பிடிபடாமல் விரல் வெளுத்திருந்தால் ரத்தக்குழாய் நெரிபடுது எண்டு அர்த்தம். சில மணித்தியாலத்தில கையே பழுதாப் போகும். வாங்கில இருந்து பார்க்கிறவைக்கு அது வெறும் கை முறிவு.

மருதானை நானா:
நான் ஓட்டோ ஓடுற. எக்சிடன்ட் கேஸ் எத்தனையோ ஏத்தி எறக்கியிருக்கேன். மிஸ் செல்ற கையைப் புடிக்கிற கதையெல்லாம் புத்தகத்துல. நான் கண்ணால கண்டது, கத்துற ஆள் உள்ளுக்கு, பேசாம கெடக்கிற ஆள் வெளிய. உள்ளுக்கு ஆரையும் தெரிஞ்சிருந்தா அதுக்கும் மேல. ஒரு போன் வந்தா கதவு தொறக்குது.

இரவுப்பணி:
நானா, கத்துறவருக்கு மூச்சுப் பாதை திறந்திருக்கு எண்டது எங்களுக்குப் படிப்பிச்ச முதல் பாடம். எனக்குப் பயம் கத்தாமல் கிடக்கிறவரில. போன் கதை உண்மைதான், இல்லை எண்டால் நான் பொய் சொல்லுறன். அந்த போன் வாசலில நிக்கிற நேர்ஸுக்கு வாறேல்ல, மேல இருக்கிற ஆருக்கோ வருது. பிறகு அவசரமா "அந்த ஐயாவை விடுங்க" எண்டு சொல்லுவினம். ஏச்சு எங்களுக்கு.

அதோட, அடிபட்ட ஆளை ஓட்டோவில மடிச்சு ஏத்தாதேங்கோ. 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடியுங்கோ. 2016இல மேல் மாகாணத்திலயும் தென் மாகாணத்திலயும் தொடங்கினது, இப்ப நாடு முழுக்க ஓடுது, காசு இல்லை.

மருதானை நானா:
1990 வர முந்தியே சனம் தூக்கிப் போட்டுருவாங்க மிஸ். வேணாம்டு சென்னா எனக்கு அடி விழும்.

இரவுப்பணி:
அப்ப ஒராள் தலையையும் கழுத்தையும் ரெண்டு கையாலயும் அசையாமல் பிடிக்கட்டும். ரத்தம் பாயிற இடத்தை ஒரு துணியால இறுக்கி அமத்தோணும். நிண்டிட்டுதோ எண்டு எடுத்து எடுத்துப் பார்க்கிறதுதான் எங்கட சனத்தின்ர பழக்கம், அதைச் செய்ய விடாதேங்கோ.

சட்டம்பியார்:
வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவன் எழுதுகிறேன். நெப்போலியனின் படையில் சத்திரசிகிச்சை செய்த லாரே, பதவியைப் பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே ஒழுங்கு செய்தார் என்று படித்திருக்கிறேன். இருநூறு வருடங்களுக்குப் பிறகு நாங்கள் தொலைபேசி அழைப்பைப் பார்த்து ஒழுங்கு செய்கிறோம். இலவச வைத்தியம் என்று பெருமை பேசுகிற நாட்டில் இது வெட்கக்கேடு.

எனது கேள்வி வேறு. நேர்ஸ் தீர்மானிக்கட்டும், ஆட்சேபமில்லை. அந்தத் தீர்மானம் எங்கே பதியப்படுகிறது? மஞ்சள் கோடு கீறியவர் யார், எத்தனை மணிக்கு, எதைப் பார்த்து? பதிவில்லாத தீர்மானத்துக்குப் பொறுப்புக் கூற ஆளில்லை.

அரை உறக்கம்:
ஜூனியர் டொக்டர். ட்யூட்டி முடிஞ்சு எழுதுறன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

அக்கா சொல்லுற ஒண்டில எனக்கு உடன்பாடு இல்லை. நேர்ஸ் ட்ரியாஜ் செய்யலாம், செய்யோணும். மான்செஸ்டர் முறையும் அவுஸ்திரேலிய முறையும் நேர்ஸ்மார் செய்யிறதுக்கெண்டே வந்தது. ஆனா அங்க அதுக்குத் தனிப் பயிற்சி இருக்கு. இங்க நேற்று வரைக்கும் சேர்ஜிக்கல் வார்டில நிண்டவவை இண்டைக்கு ஆள் காணாதெண்டு வாசலில விடுகினம். பிரஷர் மெஷினும் ஒரு பேனையும் குடுத்தால் போதும் எண்டு நினைக்கினம்.

அதைவிடப் பெரிய விசயம் இருக்கு. மான்செஸ்டரில சிவப்பு எண்டால் உடனே, செம்மஞ்சள் 10 நிமிசம், மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. அவுஸ்திரேலியாவில இரண்டாம் தரம் 10 நிமிசம், மூண்டாம் தரம் 30. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நேரம் இருக்கு. அந்த நேரம் தாண்டினால் திரும்பப் போய்ப் பார்க்கோணும், ஆள் மாறினால் நிறமும் மாறும். நாங்கள் நிறத்தை இறக்குமதி செய்திட்டு மணிக்கூட்டை விட்டிட்டு வந்திட்டம். மாமாவுக்கு நடந்தது அதுதான்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அப்ப பிழை மிஸ்ஸில இல்லை, இருத்தினவரை மறந்ததில எண்டு சொல்லுறீங்கள். வாங்கில இருந்தவருக்கு ரெண்டும் ஒண்டுதான்.

இரவுப்பணி:
எனக்கு ஒண்டில்லை. முதல் பார்வையில பிழை விடாத நேர்ஸோ டொக்டரோ இந்தக் கொழும்பில இல்லை, அதைப் பிடிக்கிறதுக்குத்தான் ரெண்டாம் பார்வை. ஆனா ஆர் பார்க்கிறது? 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தினை பேர் வெளிநாட்டுக்குப் போனவை எண்டு உங்களுக்கும் தெரியும். இரவில வாசலில நான் ஒராள். வாங்கில இருக்கிறவையைத் திரும்பப் பார்க்க எழும்பினால் வாசலில புதுசா வாறவை நிண்டுகொண்டிருப்பினம். டொக்டர் தம்பி மணிக்கூட்டைச் சொன்னது சரி, அதைப் பார்க்கிற ஆளையும் சேர்த்துச் சொல்லியிருக்கோணும்.

ஹட்டன் பெடியன்:
அக்கா, நான் கொழும்புல ஹோட்டல்ல வேலை செய்றேன். 2017 டெங்கு நேரம் எங்க ரூம்ல ஒருத்தனுக்குக் காய்ச்சல் விட்டுருச்சுன்னு சந்தோசப்பட்டோம். அன்னைக்கி சாயங்காலமே ஆள் சரிஞ்சுட்டான். ஆஸ்பத்திரி வாசல்ல "காய்ச்சல் இல்லையே"ன்னு ஒரு ஓரமா உக்கார வச்சாங்க. அவனுக்குச் சிங்களம் வராது, வரிசைல நின்ன ஒரு அம்மாதான் அவனுக்காகப் பேசுனாங்க. காய்ச்சல் விட்டா நல்லதுதானே?

இரவுப்பணி:
இல்லை தம்பி, டெங்குவில காய்ச்சல் விடுற நேரம்தான் கவனமா இருக்கோணும். அந்த ஒண்டு ரெண்டு நாளில ரத்தக்குழாய்க்குள்ள இருக்கிற நீர் வெளியால கசியும். 2017இல நாடு முழுக்க 186,000க்கு மேற்பட்டவைக்கு டெங்கு எண்டு பதிவானது, கொழும்புதான் அடிபட்ட முதல் இடங்களில ஒண்டு. பிரஷர் 100/80 எண்டு வந்தால் மேல் எண்ணைப் பார்த்திட்டுப் பரவாயில்லை எண்டுவினம். ரெண்டுக்கும் இடையில 20தான் இருக்கு. வித்தியாசம் 20க்கு வந்திட்டால் ஆள் ஷொக்கில நிக்குது, உடம்புக்கு ரத்த ஓட்டம் காணாது எண்டு அர்த்தம். பிளேட்லெட் எத்தினை எண்டு கேட்டுக் கேட்டு இதை விட்டிடுவினம். வயித்து நோ, விடாத சத்தி, கை கால் குளிருறது, சலம் குறையிறது, இதில ஒண்டு இருந்தாலும் முன்னுக்கு எடுக்கோணும்.

பாஷை தெரியாமல் நிக்கிறவை இன்னும் மோசம். பிரஷர் மெஷின் எல்லாப் பாஷையும் பேசும், ஆனா எப்ப தொடங்கினது எண்டதை வாயாலதான் கேக்கோணும்.

அரை உறக்கம்:
எக்சிடன்ட்டிலயும் பிரஷர் இப்பிடித்தான் ஏமாத்தும். மோட்டார் சைக்கிளில விழுந்த இளம் பெடியனுக்குத் தொடை எலும்பு முறிஞ்சால், வெளியில ஒரு துளி தெரியாமலே ஒண்டு, ஒண்டரை லீட்டர் ரத்தம் தொடைக்குள்ளயே போகும். அந்த வயசில உடம்பு இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கும், பிரஷர் விழாது. நாடிதான் முதல் ஏறும். நாடியை மேல் பிரஷரால பிரிச்சுப் பாருங்கோ. சாதாரணமா 0.5இல இருந்து 0.7. நாடி 124, மேல் பிரஷர் 110 எண்டால் 1ஐத் தாண்டிட்டுது, ஆள் சிரிச்சுக் கதைச்சாலும் வாங்கு அவருக்குரிய இடமில்லை. வயசானவையில இது மறுவளம். இதயத் துடிப்பைக் குறைக்கிற பீட்டா புளொக்கர் குளிசை போடுறவைக்கு ரத்தம் போனாலும் நாடி ஏறாது. அதால என்ன குளிசை எண்டு கேக்காத ட்ரியாஜ் அரைகுறை.

சட்டம்பியார்:
அப்படியானால் சந்தேகமுள்ள எல்லோரையும் சிவப்பில் போட்டுவிடலாமே?

அரை உறக்கம்:
ஓரளவுக்கு அப்பிடித்தான் சேர். விபத்துக் காயங்களில தேவையில்லாமல் மேல் தரத்துக்கு ஏத்துறது 25 - 35 வீதம் வரைக்கும் பரவாயில்லை, ஏத்த வேண்டியவையை விடுறது 5 வீதத்தைத் தாண்டக்கூடாது எண்டு அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் கல்லூரி சொல்லுது. ஆனா எல்லாரும் சிவப்பு எண்டால் சிவப்புக்குள்ளயே திரும்ப ஒரு வரிசை வரும், அதை ஆர் பிரிக்கிறது?

கொட்டாஞ்சேனைக்காரன்:
2019 ஏப்ரல் 21ஆம் திகதி, ஈஸ்டர் குண்டு வெடிச்ச அண்டைக்கு, எங்கட கொச்சிக்கடைச் சனத்தை ஆஸ்பத்திரியில அள்ளி அள்ளிப் பார்த்தினம். அண்டைக்கு ஏலுமெண்டால் சாதாரண இரவில ஏன் ஏலாது?

இரவுப்பணி:
அண்டைக்கு நடந்ததை இதோட வைக்காதேங்கோ தம்பி. அப்பிடியான நாளில கணக்கே மாறும். 1983இல கலிபோர்னியாவில வந்த ஸ்டார்ட் எண்ட முறை இருக்கு. நடக்கக் கூடியவை பச்சை. மூச்சு நிமிசத்துக்கு 30ஐத் தாண்டினால் சிவப்பு. மூச்சில்லாட்டி மூச்சுப் பாதையைத் திறந்து பார்க்கிறது, அப்பவும் இல்லாட்டி கறுப்பு அட்டை போட்டிட்டு அடுத்தவரிட்டப் போறது. சாதாரண இரவில மூச்சில்லாத ஆளுக்குத்தான் எல்லாரும் ஓடுவம். அண்டைக்கு அவரைத் தாண்டிப் போகோணும். அந்த அட்டையைப் போடுற கையைப் பற்றி ஆரும் கதைக்கிறேல்ல.

மருதானை நானா:
1996 ஜனவரி 31 சென்ட்ரல் பேங்க் குண்டு வெடிச்ச நேரமும் அப்படித்தான். 90 பேர் அளவுல மவுத், 1,400க்கு மேல காயம். கண்ணாடி பட்டுக் கண் போனவங்க எவ்வளவு. நடக்க ஏலுமானவங்க கெடச்ச வாகனத்துல ஏறி முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க, மோசமான ஆக்கள் பின்னால.

இரவுப்பணி:
எந்தப் பெரிய அனர்த்தத்திலயும் அப்பிடித்தான் நானா, சின்னக் காயம்தான் முதல் வாசலை நிரப்பும். அதாலதான் வாசலில ஒராள் நிண்டு பிரிக்கோணும் எண்டுறன்.

மருதானை நானா:
சரி, வாங்குல இருத்தின ஆள் மோசமானா ஆர்ட்ட செல்ற?

இரவுப்பணி:
அதே வாசலுக்கு வந்து என்ன மாறினது எண்டு சொல்லுங்கோ. "எவ்வளவு நேரம் இருக்கோணும்" எண்டு கேட்டால் எல்லாரும் கேக்கிற கேள்வி எண்டு காது எடுக்காது. "முந்தி வேர்க்கேல்ல, இப்ப வேர்க்குது", "கூப்பிட்டால் கண் திறக்கிறார் இல்லை", "கதைக்க மூச்சு வாங்குது" எண்டு சொன்னால் எழும்பித்தான் ஆகோணும்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
சொன்னன். நோ இடக்கைக்கு இறங்கிட்டுது எண்டு சொன்னன். "லைன்ல இருங்க" எண்டு பதில் வந்தது.

இரவுப்பணி:
அப்பிடிச் சொன்னது பிழை. ஆள் காணாது எண்டது அதுக்குச் சாட்டு இல்லை.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அக்கா, உங்களோட எனக்குச் சண்டை இல்லை. ஆனா டொக்டர் வாசலில வேணும் எண்டதை நான் இன்னும் விடேல்ல. பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதப்போறன். மிஸ்ஸின்ர பேர் போட மாட்டன். நிறத்துக்குப் பக்கத்தில நேரமும், திரும்பப் பார்த்த நேரமும் எழுதுறதுக்கு ஒரு கட்டம் துண்டிலயே வேணும் எண்டு கேக்கப்போறன். சிங்களத்தில எழுதினால்தான் எடுபடுமோ?

சட்டம்பியார்:
தமிழிலேயே எழுதும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. பதில் தமிழில் வராவிட்டால் அதற்கும் ஒரு கடிதம் எழுதலாம். வரைவை அனுப்பினால் நான் திருத்தித் தருவேன்.

அரை உறக்கம்:
கடிதத்தோட வந்த நேரத்தையும் ஈசிஜி எடுத்த நேரத்தையும் பக்கத்தில பக்கத்தில வையுங்கோ. வந்த நேரம் அட்மிஷன் துண்டில இருக்கும். ஈசிஜி தாளில நேரம் அச்சாகியிருக்கும், ஒரு கொப்பி கேட்டு எடுங்கோ.

இரவுப்பணி:
அந்த மெஷினில மணி சரியா வச்சிருக்கினமோ எண்டும் கேட்டுப் பாருங்கோ. எங்கட மெஷின் கனகாலமா மூண்டு மணித்தியாலம் பிந்தி ஓடுது.