2 அடி தொட்டியில் இன்னும் எத்தனை மீன் விடலாம்? காலையில் எல்லாம் மேலே வந்து வாய் திறக்கின்றன

புதுத்தொட்டி:
வணக்கம் நண்பர்களே. உறவினர் ஒருவர் வீடு மாறும்போது தன் மீன் தொட்டியை மீன்களோடு எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம். உள்ளே கோல்டு ஃபிஷ் 2 (விரல் நீளம் இருக்கும்), சக்கர் (கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் மீன்) 1, டைகர் பார்ப் 3, பிளாட்டி 2. பார்த்தால் தொட்டி காலியாகத்தான் தெரிகிறது. பிள்ளைகள் பத்து நியான் டெட்ராவும் ஒரு ஜோடி ஏஞ்சலும் கேட்கிறார்கள்.

இதற்கு நடுவில் ஒரு பிரச்சினை. காலையில் விளக்குப் போடும்போது எல்லா மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஒரு கோல்டு ஃபிஷ்ஷின் வால் ஓரம் கிழிந்திருக்கிறது. வாரம் ஒருமுறை தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டு கல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் கழுவி வைக்கிறோம். உறவினர் சொல்லிக்கொடுத்த முறை அதுதான். ஆனாலும் மூன்றாம் நாளே தண்ணீர் கலங்கிவிடுகிறது. இத்தனை லிட்டருக்கு இத்தனை மீன் என்று ஏதாவது கணக்கு உண்டா?

கெண்டைக்குஞ்சு:
உண்டு. 3.8 லிட்டருக்கு 1 அங்குல மீன். உங்கள் தொட்டி 64 லிட்டர் வருகிறது, அப்படியானால் 17 அங்குலம். இருப்பவற்றின் நீளத்தைக் கூட்டிக் கழித்தால் மிச்சம் தெரிந்துவிடும்.

பழைய ஸ்பாஞ்ச்:
அந்தக் கணக்கை நம்பித்தான் பல தொட்டிகள் நிரம்பி வழிகின்றன. முதலில், 64 லிட்டர் என்பது கண்ணாடியின் அளவு. அடியில் 5 செ.மீ. கல், மேலே 4 செ.மீ. இடைவெளி விட்டால் தண்ணீர் 48 லிட்டர்தான். அடுத்து, நீளம் இரண்டு மடங்கானால் மீனின் உடம்பு ஏறக்குறைய எட்டு மடங்காகும். 10 அங்குல மீன் ஒன்றும் 1 அங்குல மீன் பத்தும் ஒன்றாகுமா? 3, 4 செ.மீ.க்கு மேல் வளராத ஒல்லி மீன்களுக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும், அவ்வளவுதான். அதோடு, மீனின் இன்றைய நீளத்தைப் பார்க்கக்கூடாது, வளர்ந்தபின் வரும் நீளத்தைப் பார்க்க வேண்டும். கடையில் விரல் நீளம் இருக்கும் சாதாரண சக்கர் 30 செ.மீ.க்கு மேல் போகும். கோல்டு ஃபிஷ் குண்டு ரகமாக இருந்தாலும் 15 செ.மீ. தாண்டும், ஒல்லி ரகம் அதற்கும் மேல். உங்கள் தொட்டியின் அகலமே 30 செ.மீ. வளர்ந்த சக்கர் அதில் திரும்பக்கூட முடியாது.

எனக்கு அதைவிட உறுத்துவது அந்தக் கழுவும் முறை. தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் இருந்தால் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) நான்கும் பார்த்துச் சொல்லுங்கள். வெப்பநிலையும் வேண்டும்.

புதுத்தொட்டி:
பார்த்துவிட்டேன் அண்ணா. அம்மோனியா 1, நைட்ரைட் 0.5, நைட்ரேட் 10. பிஎச் 8. தண்ணீர் 29 டிகிரி.

பழைய ஸ்பாஞ்ச்:
விஷயம் புரிந்துவிட்டது. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், வேறொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் நஞ்சு, மூன்றாவது அந்த அளவுக்கு ஆபத்தில்லை. ஓடி நிலைத்த தொட்டியில் முதல் இரண்டும் 0 காட்ட வேண்டும். உங்களுக்குத் தலைகீழாக இருக்கிறது. குளோரின் கலந்த குழாய் நீரில் வாரா வாரம் கழுவினால் அந்தப் பாக்டீரியா எங்கே தங்கும்? ஒவ்வொரு வாரமும் புதுத் தொட்டிதான். புதுத் தொட்டி பக்குவப்பட 4 முதல் 6 வாரம் ஆகும்.

பிஎச்சும் சேர்ந்து படுத்துகிறது. அம்மோனியாவின் நச்சு வடிவம் பிஎச் 7-ஐ விட 8-ல் ஏறக்குறைய ஒன்பது பத்து மடங்கு இருக்கும். வெப்பம் கூடினால் இன்னும் ஏறும். அதே வெப்பத்தில் ஆக்சிஜனும் குறையும்: 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிடித்துவைத்தால் 30 டிகிரியில் ஏழரைதான். நைட்ரைட் ரத்தத்தில் சேர்ந்தால் இருக்கிற ஆக்சிஜனையும் மீனால் எடுத்துக்கொள்ள முடியாது. மேலே வந்து வாய் திறப்பது இதனால்தான்.

இன்றைக்கே ஏர் பம்ப் போடுங்கள், இரவிலும் ஓடட்டும். தினமும் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மட்டும் மாற்றுங்கள், புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கி கலந்து. தீனியைப் பாதியாக்குங்கள். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து எடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆகும்வரை ஒரு மீன்கூடப் புதிதாக வேண்டாம்.

பாசிப்பச்சை:
வால் கிழிசலுக்கு டைகர் பார்ப் மேல்தான் சந்தேகம். அது கூட்டமாக வாழும் மீன். எட்டுப் பத்து இருந்தால் தங்களுக்குள் துரத்திக்கொண்டு திரியும், மூன்று மட்டும் இருந்தால் மற்றவற்றின் வாலைக் கடிக்கும். எட்டாக்க இந்தத் தொட்டி போதாது, கொடுத்துவிடுவதே நல்லது.

ஏஞ்சல் வேண்டவே வேண்டாம். அதற்கு நீளத்தைவிட உயரம் முக்கியம், 45 செ.மீ.யாவது வேண்டும். வளர்ந்த ஏஞ்சலோடு நியானை விட்டால் நியான் அதற்குத் தீனி. நியான் தனியாக என்றாலும் பிஎச் 8 அதற்கு ஒத்துவராது, மென்மையான, அதாவது கரைந்த உப்பு குறைந்த தண்ணீரில் பிறந்த மீன் அது. உங்கள் தண்ணீர் கப்பி, பிளாட்டி வகைக்குத்தான் சரி. பிள்ளைகளுக்கு நிறம் வேண்டும் என்றால் ஆண் கப்பி போதுமே.

புதுத்தொட்டி:
ஆணும் பெண்ணும் கலந்து விட்டால் என்ன? குட்டி போட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அப்புறம், சக்கரைக் கொடுத்துவிட்டால் பாசியை யார் தின்பது? அதைப் பக்கத்து ஏரியில் விட்டுவிடலாமா?

பாசிப்பச்சை:
பெண் கப்பி மாதத்துக்கு ஒருமுறை இருபது முப்பது குட்டி போடும். ஒருமுறை சேர்ந்தபின் ஆண் இல்லாமலே பல மாதம் போட்டுக்கொண்டிருக்கும். மூன்றே மாதத்தில் இதே கேள்வியோடு திரும்பி வருவீர்கள் :)

ஏரியில் விடவே கூடாது. தொட்டியிலிருந்து வெளியேறிய சக்கர் பல நாடுகளின் ஆறு குளங்களில் பெருகி, அங்குள்ள மீன்களுக்குத் தொல்லையாகிவிட்டது. கடைக்கே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவருக்கு. கோல்டு ஃபிஷ்ஷுக்கும் அதேதான், அது குளிர்ந்த நீர் மீன், 29 டிகிரி அதற்குத் துன்பம். பாசிக்குக் காரணம் வெளிச்சம். விளக்கை 6, 7 மணி நேரத்துக்கு மேல் எரியவிடாதீர்கள், கண்ணாடியை ஸ்பாஞ்சால் தேய்த்தால் போயிற்று. சக்கர் தின்னும் பாசியைவிடப் போடும் கழிவு அதிகம்.

கெண்டைக்குஞ்சு:
அப்போ கடைசியில் எத்தனை மீன்? ஒரு எண் சொல்லுங்களேன்.

பழைய ஸ்பாஞ்ச்:
இரண்டு பிளாட்டி, ஆறு ஆண் கப்பி. இடம் காலியாகத் தெரிந்தாலும் அதோடு நிறுத்துங்கள். அளவு 0 காட்டியபின் முதலில் மூன்று கப்பி, இரண்டு வாரம் கழித்து டெஸ்ட் சரியாக இருந்தால் மீதி மூன்று. பாக்டீரியா இருக்கிற கழிவுக்கு ஏற்பத்தான் பெருகும், ஒரே நாளில் ஆறையும் விட்டால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. பிளாட்டியில் ஒன்று பெண்ணாக இருந்தால் குட்டி எப்படியும் வரும், பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

புதுத்தொட்டி:
சரி அண்ணா. ஏர் பம்ப் ஓடுகிறது. கோல்டு ஃபிஷ்ஷை வாங்கிக்கொள்ள ஒருவர் சம்மதித்திருக்கிறார், சக்கருக்கும் பார்ப்புக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் டெஸ்ட் அளவுகளைப் போடுகிறேன்.