செய்தி எண்டு நினைச்சுப் பார்த்த விளம்பரம்

யாழ்ப்பாணம், கொக்குவிலில் இருந்து:

போன மாசம் அம்மா போனோட குசினிக்குள்ள இருந்து ஓடி வந்தா. "தம்பி, ருமேனியாவுக்கு ஆள் எடுக்கினமாம், செய்தியில சொல்லுறாங்கள்." வாங்கிப் பார்த்தன். மைக் பிடிச்ச பெடியன் ஒருத்தன், பின்னால ஏசி பூட்டின கந்தோர், கீழ சிவப்புப் பட்டியில எழுத்து ஓடுது. அச்சொட்டாச் செய்திதான். ஆனா பெடியன் கேட்டதெல்லாம் "அண்ணை, உங்களிட்ட வந்தா எத்தினை நாளில விசா?" மாதிரிக் கேள்வியள். காசு எவ்வளவு கட்டோணும், விசா சரிவராட்டித் திருப்பித் தருவினமோ, ஒண்டும் வாயில வரேல்லை. நிருபர் எண்டால் உதைத்தானே முதல் கேப்பான்!

வீடியோவுக்குக் கீழ 'மேலும்' எண்டதை அமத்தினன். கடைசி வரியில 'அனுசரணை' எண்டொரு சொல், அதாவது காசு வாங்கிப் போட்டது; பக்கத்தில வாட்ஸ்அப் நம்பர். அனுமதிப்பத்திர இலக்கம் இல்லவே இல்லை. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர 1989 எண்ட நம்பருக்கு அடிச்சுக் கேட்டால், அப்பிடி ஒரு முகவர் தங்கட பட்டியலில இல்லையாம்.

அம்மாவுக்கு அதுவும் ஏறேல்லை. "அந்தப் பெடியன் எங்கட ஆக்கள் மாதிரியெல்லோ கதைச்சவன்" எண்டு ரெண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிஞ்சா.

யாழ்ப்பாணம், திருநெல்வேலியில் இருந்து:

மேல இருக்கிற கொக்குவில் கதையை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன், சிரிச்சார். 1990க்குப் பிறகு, சண்டை நேரம், இங்க கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவில வயரைக் கொழுவி, ஒராள் பெடலைச் சுத்த மற்றவை றேடியோ கேட்ட காலம். "விளம்பரம் தொடங்கினால் கையை விட்டிட்டு இளைப்பாறுவன்" எண்டார். இப்ப எந்த இடத்தில கையை விடுறது எண்டு அவருக்கும் தெரியேல்லையாம்.

மானிப்பாயில் இருந்து:

எங்கட அம்மம்மாவுக்கு முழங்கால் நோ. ஞாயிறு பேப்பரில ஒரு எண்ணெயைப் பற்றி முழுப்பக்க 'மருத்துவக் கட்டுரை'. மேல் மூலையில எறும்பு அளவில 'விளம்பரம்'. பூதக்கண்ணாடி பிடிச்சு வாசிக்கிற மனுசிக்கு அது எங்க தெரியப்போகுது? ரெண்டு போத்தல் வாங்கின பிறகுதான் நான் கண்டன். "எழுதின ஆளின்ர பேர் இல்லாமல் முடிவில கடை நம்பர் இருந்தால் யோசியுங்கோ" எண்டு சொல்லிக்குடுத்தன்.

இப்ப மனுசி எதையும் கடைசி வரியில இருந்துதான் வாசிக்கத் தொடங்கிறா. நேற்று மரண அறிவித்தலுக்குக் கீழ நம்பரைக் கண்டிட்டு, "உதுவும் விளம்பரமோ பிள்ளை?" எண்டு கேட்டா.

ஓம் அம்மம்மா, காசு கட்டித்தானே போடுறவை எண்டன்.