டைரி கொடுத்தேன், நானே எடுத்துப் படித்துக் கெடுத்தும் விட்டேன்

மன்னார்குடி அம்மா:
என் மகளுக்கு ஒன்பது வயது, நான்காவது படிக்கிறாள். பொங்கல் முடிந்து அவள் அப்பா சிங்கப்பூருக்குத் திரும்பிப் போனதிலிருந்து பிள்ளை பிள்ளையாக இல்லை. அவர் வீடியோ காலில் வந்தால் ஹோம்வொர்க் இருக்கிறது என்று எழுந்து போய்விடுகிறாள், காரணமே இல்லாமல் தம்பியைக் கிள்ளுகிறாள், ராத்திரியானால் வயிறு வலிக்கிறது என்று அழுகை. டாக்டரிடம் காட்டியாச்சு, வயிற்றில் ஒன்றுமில்லையாம். மனசில் இருப்பதை எழுதச் சொல்லுங்கள் என்று நாத்தனார் சொன்னதால், நகைக்கடையில் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் "காலையில் எழுந்தேன், பல் தேய்த்தேன், இட்லி சாப்பிட்டேன்" கதைதான். அப்புறம் ஒருநாள் அவள் தூங்கும்போது பார்த்தால், "அப்பா வரவே வேண்டாம்" என்று எழுதி, தாள் கிழிகிற மாதிரி அடித்து வைத்திருந்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா, காலையில் "ஏன்டி அப்படி எழுதினே" என்று கேட்டுத் தொலைத்தேன். அன்றிலிருந்து டைரி பீரோவுக்கு அடியில் கிடக்கிறது. இனி எப்படி ஆரம்பிப்பது?

பேராவூரணி டீச்சர்:
படித்ததைவிட அதைக் கேட்டதுதான் தப்பும்மா. முதலில் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் அதைச் செய்வதே இல்லை.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் எங்கள் பக்கத் தென்னந்தோப்புகளையெல்லாம் சாய்த்துவிட்டுப் போனதே, பள்ளி திறந்ததும் ஐந்தாம் வகுப்பில் அதைப் பற்றி எழுதச் சொன்னேன். எல்லாப் பிள்ளைகளும் டிவி செய்தி மாதிரி எழுதிக் கொடுத்தார்கள், நானும் சிவப்பு மையில் ர, ற திருத்திக்கொண்டிருந்தேன் (இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது). ஒரு பையன் மட்டும் எழுதாமல் படம் போட்டிருந்தான். படுத்துக் கிடக்கிற தென்னை, பக்கத்தில் தாத்தா, தாத்தாவுக்கு முகம் இல்லை. ஏன்டா என்றால், "தாத்தா அழுதாரு டீச்சர், அதைப் போடக் கூடாது" என்றான். அன்றோடு அந்த நோட்டுகளில் திருத்துவதை விட்டேன்.

தேதி போட்ட டைரி வேண்டாம், எழுதாத நாள் எல்லாம் பாக்கி மாதிரி தெரியும். கோடு போடாத நாற்பது பக்க நோட்டு போதும். படம் போடலாம், கிறுக்கலாம், எழுதிக் கிழித்தும் போடலாம், நீங்கள் எடுத்துப் பார்க்கவே கூடாது. எதை எழுதுவது என்று முழித்தால், அப்பாவுக்கு அனுப்பவே போகாத ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்.

குத்தாலத்துக்காரன்:
டீச்சர் சொல்வது சரி, ஆனால் பார்க்கவே கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காலம் கெட்டுக் கிடக்கிறது. யாராவது பிள்ளையைத் தொந்தரவு செய்து, அதை அவள் எழுதி வைத்திருந்தால் நமக்கு எப்படித் தெரியும்?

தஞ்சை உளவியல் மாணவி:
அண்ணா பயம் நியாயமானதுதான். ஆனால் திருட்டுத்தனமாகப் படிக்கிறோம் என்று தெரிந்தால் அப்படிப்பட்ட விஷயத்தைத்தான் பிள்ளை முதலில் எழுதாமல் விடும். முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள் அக்கா: மடித்த பக்கம் அவளுக்கு மட்டும், மடிக்காத பக்கத்தை அம்மா படிக்கலாம். யாராவது உன்னை நோகடித்தால் மட்டும் மடிக்காமல் சொல்லிவிடு என்று அப்போதே சொல்லிவிடுங்கள். அப்படி ஏதாவது தெரியவந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு எந்த நேரமும் போன் செய்யலாம்.

இன்னொன்று, எழுதின கையோடு பிள்ளை சிரிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மனசை அழுத்துகிற விஷயத்தைத் தினம் 15 நிமிடமாக நாலு நாள் எழுதின மாணவர்களுக்கு, எழுதி முடித்ததும் மனசு இன்னும் கனத்துத்தான் போனது. டாக்டரிடம் போவது குறைந்தது அடுத்த சில மாதங்களில்தான். அதுவும் அவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கணக்கெல்லாம் வைக்காதீர்கள், தோன்றினால் எழுதட்டும். தூக்கமும் சாப்பாடும் கெட்டுக்கொண்டே போனால் நோட்டை நம்பி உட்காராமல் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மன்னார்குடி அம்மா:
எல்லாருக்கும் நன்றி. மன்னிப்புக் கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புது நோட்டு வாங்கி வைத்தேன், பத்து நாள் தொடவே இல்லை, அப்புறம் எல்லாப் பக்கமும் மடிப்பாகவே இருந்தது. நேற்று நோட்டு அடுப்படியில் அரிசி டப்பா மேல் கிடந்தது. ஒரே ஒரு பக்கம் மடிக்கவில்லை. "நான் தூங்கும்போது அப்பா ஏன் போனாங்க" என்று மட்டும் இருந்தது. திருச்சியில் ராத்திரி ஃப்ளைட், எழுப்பினால் அழுவாள் என்று எழுப்ப வேண்டாமென்று சொன்னதே நான்தான். அதை இன்று அவளிடம் சொன்னேன். என்னைக் கிள்ளிவிட்டு, மடியில் படுத்துக்கொண்டாள்.