சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த தையல் மெஷின் திரும்பவும் சிங்கப்பூருக்கே போகிறது. சென்னை கஸ்டம்ஸில் என்ன செய்ய வேண்டும்?

நங்கநல்லூர்_தையல்:
எட்டு வருடம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு 2023-இல் சென்னை திரும்பினோம். எம்பிராய்டரி போடும் என் மெஷினை அப்போது ஒரு சிநேகிதி வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். 2024 ஜூனில் போய்க் கையோடு எடுத்து வந்தேன். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில், வரி கட்ட வேண்டிய சாமான் உள்ளவர்கள் போகும் சிவப்பு வழியில் நானே போய்ச் சொன்னேன். எண்பதாயிரம் மதிப்புப் போட்டு, அப்போது வரியில்லாமல் விட்ட ஐம்பதாயிரத்தைக் கழித்து, மீதி முப்பதாயிரத்துக்கு 38.5 சதவீதம், அதாவது 11,550 ரூபாய் கட்டினேன். ரசீது பத்திரமாக இருக்கிறது.

இப்போது என் கணவருக்கு மறுபடி அங்கேயே வேலை. அடுத்த மாதம் குடும்பத்தோடு கிளம்புகிறோம். மெஷினை விட்டுப் போக மனசில்லை. பதினைந்து மாதமாக அதில் பிளவுஸ் தைத்துத்தான் பெரியவளுக்குக் காலேஜ் பீஸ் கட்டினேன்.

கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா? அங்கே வரி கேட்பார்களா? ஒரு வருடத்தில் திரும்பி வர நேர்ந்தால் இங்கே இன்னொரு தடவை கட்ட வேண்டுமா? மூன்றாவதுதான் பெரிய கவலை. ரசீதில் 'தையல் மெஷின் - 1' என்று மட்டும்தான் இருக்கிறது, நம்பர் இல்லை. மெஷினின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரிலும், தினமும் எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்துக் கடைசி மூன்று எழுத்து அழிந்துவிட்டது.

மண்ணடி_கிளியரிங்:
அம்மா, ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுசுக்கு நடந்தே 31 வருடம் வேலை பார்த்தவன் நான். முதலில் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

கிளம்பும் நாளில் ஏர்போர்ட் கஸ்டம்ஸில் எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் கேட்டு வாங்குங்கள். பொருள் என்ன, சீரியல் நம்பர் என்ன, மதிப்பு எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பார்கள். திரும்பி வரும்போது அதைக் காட்டினால், 'இது இங்கிருந்து போன சாமான்தான்' என்பதற்கு அதுவே சாட்சி. செக்-இன் பண்ணுவதற்கு முன்னாலேயே வாங்கிவிட வேண்டும். பெட்டி பெல்டில் போன பிறகு எதைக் காட்டுவீர்கள்? சாதாரணமாகப் போவதைவிட ஒரு மணி நேரம் முன்கூட்டியே போங்கள்.

பணம் திரும்பக் கிடைக்க வழி உண்டு. 1962 கஸ்டம்ஸ் சட்டம் 74-ஆம் பிரிவு, 'டிராபேக்' என்போம். வரி கட்டி இரண்டு வருடத்துக்குள் அதே பொருளை வெளியே அனுப்பினால் 98 சதவீதம் வரை கிடைக்கும். ஆனால் அது புழங்காத பொருளுக்கு. புழங்கியிருந்தால் மாதம் ஏற ஏறத் தொகை இறங்கும். கட்டின பொருள் இதுதான் என்று அதிகாரிக்கு நிரூபிக்கவும் வேண்டும், உங்கள் ரசீதில் நம்பரே இல்லை. அதைவிட முக்கியம், டிராபேக் வாங்கிவிட்டால் பொருள் திரும்ப வரும்போது மறுபடி வரி கட்டாமல் கொண்டுவரும் சலுகையை விட்டுக்கொடுக்க வேண்டிவரும். திரும்பி வருவோம் என்ற எண்ணம் இருந்தால் அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள். சர்டிபிகேட்தான் உங்களுக்குச் சரி.

நம்பருக்கு முதல் பில், வாரண்டி அட்டை, அட்டைப்பெட்டி மூன்றையும் தேடிப் பாருங்கள்.

ஈஷூன்_வாசி:
அக்கா, இங்கே சிங்கப்பூர்ப் பக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன். தையல் மெஷினுக்கு இங்கே சுங்க வரி கிடையாது. மது, புகையிலை, வண்டி, பெட்ரோல் வகைகளுக்குத்தான் உண்டு. இருப்பது ஜிஎஸ்டி, 2024 ஜனவரியிலிருந்து 9 சதவீதம். குடிபெயர்ந்து வருகிறவர்களின் பழைய வீட்டுச் சாமானுக்கு அதிலும் விலக்கு உண்டு. குறைந்தது மூன்று மாதம் நீங்கள் வைத்துப் புழங்கியிருக்க வேண்டும், வந்து ஆறு மாதத்துக்குள் சாமான் வந்துசேர வேண்டும், வந்த பிறகு மூன்று மாதத்துக்கு விற்கக் கூடாது. உங்கள் மெஷின் தாராளமாகத் தேறும். பழைய பில்லை மட்டும் கையில் வைத்திருங்கள்.

பிளக்கை அங்கே உருண்டைப் பின்னாக மாற்றினீர்களா? இங்கே பழைய தட்டை மூன்று பின்தான். வோல்டேஜ் இரண்டு ஊரிலும் 230, அதில் தொல்லை இல்லை.

நங்கநல்லூர்_தையல்:
மாற்றிவிட்டேன் தம்பி, எலக்ட்ரீஷியன் பழையதை வெட்டிப்போட்டுவிட்டார். அங்கே வந்து புதிது போட்டுக்கொள்கிறேன்.

ஐயா, பரணில் இருந்த அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் முழு நம்பரும் இருக்கிறது. ஸ்டிக்கரில் மிஞ்சிய எழுத்துகளோடு ஒத்துப்போகிறது. பணத்தை விட்டுவிட்டேன், சர்டிபிகேட்தான்.

நங்கநல்லூர்_தையல் (ஐந்து வாரம் கழித்து):
நேற்று இரவு வாங்கிவிட்டேன். பணியில் இருந்த அதிகாரி அம்மா மெஷினைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லி, போன் வெளிச்சத்தில் ஸ்டிக்கரைப் பார்த்தார். நான் அட்டைப்பெட்டியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன், அவர் விரல் வைத்துச் சரிபார்த்தார். அழிந்த இடம் வந்ததும் நின்றார். வாரண்டி அட்டையை நீட்டினேன், அதிலும் அதே நம்பர். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாஸ்போர்ட் உறையிலேயே வைத்திருக்கிறேன். ஐயாவுக்கும் தம்பிக்கும் ரொம்ப நன்றி.